பிழிந்து வைத்தால் பறந்துவிடும்

1747-ல் 'சாலிஸ்பரி' என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலில் ஸ்கர்வி நோய் கண்ட 12 மாலுமிகளை இரண்டிரண்டு பேராகப் பிரித்தார் மருத்துவர் ஜேம்ஸ் லிண்ட். ஈறு வீங்கி, நடக்கத் தெம்பில்லாமல் கிடந்தவர்கள் அவர்கள். ஒரு ஜோடிக்கு வினிகர், இன்னொரு ஜோடிக்குக் கடல்நீர் என்று ஜோடிக்கொரு மருந்து. ஆரஞ்சும் எலுமிச்சையும் தின்ற இருவரில் ஒருவர் ஆறே நாளில் வேலைக்குத் திரும்பினார். இது பலருக்கும் தெரிந்த கதை.

அதன் பிற்பகுதிதான் நம் சமையலறைக்கு வேண்டியது. மத்தியதரைக்கடல் பகுதியின் பெரிய எலுமிச்சையை வாங்கிக்கொண்டிருந்த பிரிட்டிஷ் கடற்படை, 1860-களில் மேற்கிந்தியத் தீவுகளின் சிறிய எலுமிச்சைக்கு மாறியது. நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் இனம்தான் அது. சாறு பிழிந்து, பாட்டிலில் அடைத்துக் கப்பலேற்றினார்கள். ஆனால் 1875-ல் ஜார்ஜ் நேர்ஸ் தலைமையில் ஆர்க்டிக் சென்ற கடற்படைக் குழுவில் ஸ்கர்வி மீண்டும் தலைகாட்டியது. விடை கிடைத்தது 1918-ல். லண்டன் லிஸ்டர் மருத்துவ ஆய்வு நிலையத்தார் கினிப் பன்றிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது, சிறிய எலுமிச்சையின் புதுச் சாற்றுக்கே பெரியதன் கால்வாசி வலுதான் இருந்தது. பதப்படுத்திய பழைய சாற்றில் அநேகமாக ஒன்றுமே இல்லை.

ஸ்கர்வியை விரட்டும் அந்த வலு, அதாவது வைட்டமின் சி, எங்கே போனது? வைட்டமின் சி, கேட்டவர்க்கெல்லாம் எலெக்ட்ரானை எடுத்துக் கொடுத்துவிடும் தாராள மனசுக்காரர். உடம்புக்குள் அது செய்யும் உதவிக்குக் காரணம் இந்தக் குணம். வெளியே அது வீணாவதற்கும் இதே குணம்தான் காரணம். காற்றிலுள்ள ஆக்சிஜன் கேட்டாலும் கொடுத்து அழியும். சூடும் வெளிச்சமும் அதை விரைவுபடுத்தும். செம்பு பட்டால் இன்னும் வேகம். போதாக்குறைக்கு, தண்ணீரில் எளிதில் கரைந்துவிடும்.

ஆடு தனக்கு வேண்டிய வைட்டமின் சி-யைத் தன் ஈரலிலேயே தயாரித்துக்கொள்கிறது. நமக்கோ அந்த வேலையின் கடைசிப் படியைச் செய்யும் நொதிக்கான மரபணு பழுதாகிக் கிடக்கிறது. பெரிதாகச் சேமித்து வைக்கவும் முடியாது. ஆகவே தினமும் தின்றாக வேண்டும். ஆணுக்கு 80 மில்லிகிராம், பெண்ணுக்கு 65 என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்.

அது பெரிய அளவு அல்ல. 100 கிராம் ஆரஞ்சில் சுமார் 50 மில்லிகிராம் இருக்கிறது. அதே எடைக் கொய்யாவில் 200-க்கும் மேல். பழனி பக்கத்து ஆயக்குடிக் கொய்யாவில் பாதி தின்றாலே ஒரு நாள் கணக்கு முடிந்தது. குளிர்காலத்தில் பெருநெல்லி வரும். கோடையில் பண்ருட்டிப் பக்கம் கொட்டையைத் திருகிக்கொண்டு தோப்பிலேயே எறிகிறார்களே, அந்த முந்திரிப்பழமும் ஆரஞ்சைப்போல் சில மடங்கு வைட்டமின் சி கொண்டது. எதுவுமே கிடைக்காத நாளில் பச்சைப்பயறு இருக்கிறது. காய்ந்த பயறில் இந்தச் சத்து அநேகமாக இல்லை. முளை விட்டதும் பயறே அதைத் தயாரித்துக்கொள்ளும்.

வாங்கியதைக் காப்பாற்றுவது அடுத்த வேலை. கீரையை அலசிவிட்டு அரியுங்கள். அரிந்தபின் அலசினால் சத்து தண்ணீரோடு போகும். கொஞ்சமாகத் தண்ணீர் விட்டு, மூடி, சீக்கிரம் இறக்குங்கள். எலுமிச்சை ரசத்தை இறக்கிய பிறகே சாறு பிழிவார்கள். கசக்கக் கூடாது என்பதற்காகச் செய்வது. வைட்டமினுக்கும் அது நல்லது. முருங்கைக்கீரைப் பொரியலின் மேல் நாலு சொட்டுப் பிழிந்தால், கீரையின் இரும்புச்சத்தை உடம்பு கூடுதலாக உறிஞ்சும். இரும்பு கரையும் வடிவத்துக்கு மாற எலெக்ட்ரான் வேண்டும். அதையும் கொடுப்பவர் நம் தாராள மனசுக்காரர்தான்.

அடுத்த முறை தள்ளுவண்டியில், காலையிலேயே கீறி மிளகாய்ப்பொடி தூவி அடுக்கிய கொய்யாவை நீட்டினால், "முழுசா ஒண்ணு எடுத்து இப்ப வெட்டுங்கண்ணே" என்று கேளுங்கள். பிரிட்டிஷ் கடற்படைக்குப் புரிய அரை நூற்றாண்டு ஆன விஷயம் அது.