ஞாயிற்றுக்கிழமையில் இரண்டு சூரியன்

ஜப்பானியம் பழகுவோம் – 6

ஹிரகானா, கதகானா என்ற ஒலியெழுத்துகள் இரண்டும் கைக்கு வந்தாயிற்று. இனி சீனத்திலிருந்து வந்த கன்ஜி. நம் வீட்டுக் கஞ்சி போல அவ்வளவு சுலபமாக உள்ளே இறங்காது. ஜப்பான் அரசின் அன்றாடப் பயன்பாட்டுப் பட்டியலில் மட்டும் 2,136 எழுத்துகள். எந்த வழியில் படிப்பது என்று யோசித்தே பலர் மாதங்களை ஓட்டிவிடுகிறார்கள்.

பள்ளிக்கூட வழி ஒன்று உண்டு. ஜப்பானியக் குழந்தை முதல் வகுப்பில் 80 எழுத்து, இரண்டாம் வகுப்பில் 160 என்று கட்டம் போட்ட நோட்டில் எழுதி எழுதி, ஆறாம் வகுப்பு முடிவதற்குள் 1,026 எழுத்துகளைக் கற்றுவிடும். நாமும் அப்படியே எழுதினால் என்ன? அந்தக் குழந்தைக்கு மலை, ஆறு, மழை எல்லாவற்றுக்கும் சொல் ஏற்கெனவே வாயில் இருக்கிறது. உருவம் மட்டும்தான் பாக்கி. நமக்குச் சொல்லும் புதிது, உருவமும் புதிது.

ஜேம்ஸ் ஹைசிக் என்ற அமெரிக்கர் 1970களில் வேறு கணக்குப் போட்டார். ஜப்பானியம் படிக்க வரும் சீனருக்கு உருவமும் பொருளும் முன்பே தெரியும். நாமும் முதலில் அந்த இடத்துக்குப் போய்விடுவோம் என்றார். எழுத்தை உறுப்புகளாகப் பிரித்துக் கதை கட்டு. மனிதனுக்குப் பக்கத்தில் மரம் நின்றால் ‘ஓய்வு’. புளியமரத்தடியில் துண்டை விரித்துப் படுத்திருப்பவரை நினைத்துக்கொண்டால் ஆயுசுக்கும் மறக்காது. உச்சரிப்பு? அதை இரண்டாம் புத்தகத்துக்குத் தள்ளிவிட்டார். இங்கேதான் எனக்கு உடன்பாடில்லை. 2,000 எழுத்துக்குப் பொருள் தெரிந்தும் ஹோட்டல் மெனுவை வாய்விட்டுப் படிக்க முடியாதென்றால் யாருக்குத்தான் சலிப்பு வராது?

ஒலியோ சொல்லுக்குள்தான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைக்கு ‘நிச்சியோபி’. கன்ஜியில் மூன்று எழுத்து, முதலிலும் கடைசியிலும் அதே ‘சூரியன்’ எழுத்து. முதல் சூரியனுக்கு ‘நிச்சி’, கடைசிச் சூரியனுக்கு ‘பி’. இன்னும் சில ஒலிகளும் அதற்கு உண்டு. அவற்றைப் பட்டியல் போட்டு உருப்போடுவது வீண் வேலை. ‘நிச்சியோபி’ என்ற சொல்லைப் படித்தால் இரண்டு ஒலி தானே ஒட்டிக்கொள்ளும்.

அதனால் என் ஓட்டு சொல்வழிக்கே. உருவம் மனதில் நிற்க மறுக்கும்போது மட்டும் ஹைசிக்கின் கதையைக் கடன் வாங்குங்கள். மறக்கும் நேரம் பார்த்து அட்டையை நீட்டும் ஆன்கி போன்ற செயலி எந்த வழிக்கும் கைகொடுக்கும்.

கையால் எழுத வேண்டுமா? ஜே.எல்.பி.டி. என்ற ஜப்பானிய மொழித் தேர்வில் எழுதச் சொல்வதே இல்லை; விடையைத் தேர்ந்தெடுத்தால் போதும். ஆனாலும் நோட்டைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். ‘கோயில்’ எழுத்துக்கு ஒலி ‘ஜி’. இடப்பக்கம் சூரியனைச் சேர்த்தால் ‘நேரம்’, கையைச் சேர்த்தால் ‘ஏந்து’, மனிதனைச் சேர்த்தால் ‘சாமுராய்’. மூன்றுக்கும் ‘ஜி’ என்ற ஒலி உண்டு. அடடா என்று மகிழும்போதே, அந்த மனிதனுக்கு மேலே ஒரு கோடு கூடிவிட்டால் ‘காத்திரு’ ஆகிவிடுகிறது. ஒலியும் ‘தை’ என்று மாறுகிறது. சாமுராயையும் காத்திருப்பவரையும் கண் குழப்பிக்கொண்டே இருக்கும். அந்த ஒற்றைக் கோட்டைக் கைதான் நினைவில் வைத்திருக்கும். இந்த வாரம் இரண்டையும் பத்துப் பத்துத் தடவை எழுதிப் பாருங்கள்.