ஒளியால் விடை சொல்லும் மூலக்கூறு



மின்விளக்கை ஏற்றவும் அணைக்கவும் சுவரிலுள்ள ஆளியை அழுத்துகிறோம். அவ்விளக்கும் ஆளியும் ஒன்றாகி, ஒரு மில்லிமீற்றரைப் பத்து இலட்சம் கூறிட்டால் அவற்றுள் இரண்டொரு கூறின் அளவாகச் சுருங்கினால் எவ்வாறிருக்கும்? இது கற்பனையன்று. கொழும்பில் கல்வி பயின்று, பெல்பாஸ்ட் நகரிலுள்ள குயீன்ஸ் பல்கலைக் கழகத்தில் ஆராய்ச்சி நடத்திய நம் நாட்டு இரசாயன அறிஞர், பேராசிரியர் பிரசன்ன டி சில்வா, அத்தகைய மூலக்கூறொன்றை அமைத்தார். நிமல் குணரத்ன, கொலின் மக்கோய் ஆகியோருடன் 1993ஆம் ஆண்டில் அதனை ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டார்.

அம்மூலக்கூறின் ஒரு பகுதி ஒளி தருவது. அதனோடு பிணைந்த கைகள் இரண்டு. ஒன்று சோடியம் அயனைப் பற்றும். மற்றது ஐதரசன் அயனைப் பற்றும். கண்ணுக்குப் புலனாகாத ஊதா கடந்த கதிர் பட்டதும் ஒளிதரும் பகுதி சக்தி பெறுகிறது. கை வெறுமையாயிருப்பின், அதிலிருந்து ஓர் இலத்திரன் இடைவெளியைக் கடந்து அப்பகுதிக்குத் தாவிவிடும். பெற்ற சக்தி ஒளியாகாமலே கழிந்துவிடும். அயன் வந்து அமர்ந்தாலோ, அதன் நேரேற்றம் இலத்திரனைத் தாவவிடாமல் பிடித்துக்கொள்கிறது. இரு கைகளும் நிறைந்தாலன்றி விளக்கு நன்கு ஒளிராது.

தேயிலைத் தொழிற்சாலையின் களஞ்சியத்துக்கு இரண்டு பூட்டுகள் உள்ளன என்று கொள்வோம். ஒரு சாவி டீமேக்கரிடம், மற்றது கணக்கப்பிள்ளையிடம். இருவரும் வந்தாலொழியக் கதவு திறவாது. கணினியின் உள்ளே இவ்வாறு இயங்கும் உறுப்பைத் தருக்கப் படலை என்பர். ஒரு மூலக்கூறே படலையாகியமைதான் இங்கே புதுமை.

இடைவெளியை இலத்திரன் எவ்வாறு கடக்கிறது? மதிலைத் தாண்டப் பந்தை அதற்கு மேலாக எறியவேண்டும். இலத்திரனோ அலையின் இயல்பும் உடையது. ஆகையால் மெல்லிய தடையை ஊடுருவியும் அப்புறம் செல்லவல்லது. குவாண்டம் இயல் கூறும் விந்தை இது.

இதனால் நமக்கென்ன பயன் என்று கேட்பீர்கள். இதே தத்துவத்தில் அமைந்த உணரிகள், இரத்தத்திலுள்ள சோடியம், பொற்றாசியம், கல்சியம் ஆகியவற்றை அளக்கும் கருவிகளில் இடம்பெற்று, வைத்தியசாலைகளிலும் அம்புலன்ஸ் வண்டிகளிலும் பயன்பட்டுள்ளன. வாந்தியாலும் வயிற்றோட்டத்தாலும் ஒருவர் சோர்ந்து கிடக்கையில் இந்த உப்புகளின் நிலை குலையும். பொற்றாசியம் மிகுந்தாலும் குறைந்தாலும் இதயத்தின் துடிப்பே தடுமாறும். தோட்டத்து லயத்திலிருந்து வளைந்து வளைந்து இறங்கும் பாதையில் நுவரெலியாவுக்கோ ஹட்டனுக்கோ நோயாளியைக் கொண்டுசெல்லும் நமக்கு, ஒரு துளி இரத்தம் விரைந்து தரும் விடையின் அருமையை விளக்கவேண்டியதில்லை.

தோட்டப் பாடசாலைகள் 1977 முதல் படிப்படியாக அரசாங்கத்தின் பொறுப்புக்கு வந்தன. எனினும், உயர்தரத்தில் விஞ்ஞானம் பயில விரும்பும் நம் பிள்ளைகளுட் பலர் இன்றும் ஊர்விட்டு ஊர் செல்லவேண்டியுள்ளது. பெற்றோரே, அந்தத் தொலைவை எண்ணி அவர்கள் ஆர்வத்தை அணைத்துவிடாதீர்கள். இத்தீவில் பாடம் கேட்ட ஒருவரின் சிந்தனை உலகத்து நோயாளர்க்கு உதவியது. நாளை அவ்வாறு உதவப்போகிறவர் உங்கள் லயத்திலும் இருக்கலாம்.