விண்டோஸுக்குள் ஓடும் லினக்ஸ் புரோகிராம்

கல்லூரி லேபில் உள்ள லினக்ஸ் கம்ப்யூட்டரில் எழுதி கம்பைல் செய்த ஒரு சி புரோகிராமை என் மகள் பென் டிரைவில் எடுத்து வந்தாள். லேபில் நன்றாக ஓடியது. வீட்டில் விண்டோஸில் டபுள் கிளிக் செய்தால் எதுவும் நடக்கவில்லை. "பைல் கெட்டுப் போச்சாப்பா?" என்றாள்.

பைல் கெடவில்லை. லினக்ஸ் புரோகிராம் பைலின் அமைப்பு வேறு, விண்டோஸின் அமைப்பு வேறு. மேலும் ஒரு பைலைத் திறக்கவோ, திரையில் ஓர் எழுத்தைக் காட்டவோ புரோகிராம் தானாகச் செய்திடாது. ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதியான கெர்னலிடம் கேட்டுத்தான் பெறும். இப்படிக் கேட்பதை சிஸ்டம் கால் என்பார்கள். லினக்ஸ் புரோகிராம் கேட்கும் முறை விண்டோஸ் கெர்னலுக்குப் புரியாது.

ஹார்ட் டிஸ்க்கைப் பிரித்து லினக்ஸையும் பதியலாம்தான். முன்பு ஒருமுறை அதில் இறங்கி, தவறான பார்ட்டிஷனை பார்மட் செய்து குடும்பப் போட்டோக்களைத் தொலைத்தவன் நான். அந்தப் பக்கம் மீண்டும் போக மனமில்லை. 1995 முதல் இருக்கும் சிக்வின் உதவுமா என்றால், அதில் புரோகிராமை மறுபடி கம்பைல் செய்திட வேண்டும்; லேபிலிருந்து வந்த பைல் அப்படியே ஓடாது.

எனக்குக் கை கொடுத்தது டபிள்யூ.எஸ்.எல். மைக்ரோசாப்ட் 2016ல் விண்டோஸ் 10க்குத் தந்த இதன் முதல் பதிப்பு ஒரு துபாஷி போல வேலை செய்தது. லினக்ஸ் புரோகிராமின் சிஸ்டம் கால்களை வாங்கி, விண்டோஸுக்குப் புரியும்படி மாற்றிக் கொடுத்தது. எல்லாவற்றையும் மாற்ற இயலாததால் சில புரோகிராம்கள் ஓடவில்லை. 2020ல் வந்த இரண்டாம் பதிப்பில் துபாஷி இல்லை. உண்மையான லினக்ஸ் கெர்னலே ஒரு சிறிய விர்ச்சுவல் மெஷினில் விண்டோஸுக்குள் இயங்குகிறது.

பதிவது எளிது. பவர்ஷெல்லை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, ஆங்கிலத்தில் டபிள்யூ.எஸ்.எல். என மூன்று எழுத்துகள், ஓர் இடைவெளி, இரண்டு ஹைபன், உடனே இன்ஸ்டால் என்ற சொல் ஆகியவற்றை டைப் செய்து என்டர் தட்டவும். உபுண்டு இறங்கும், கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்திடவும். பின்னர் யூசர் நேமும் பாஸ்வேர்டும் கேட்கும். பாஸ்வேர்ட் டைப் செய்கையில் திரையில் நட்சத்திரம்கூடத் தெரியாது. கீபோர்ட் பழுது என்று நினைத்துவிடாதீர்கள்!

பென் டிரைவ் அங்கே தானாகத் தெரியாது. பைலை முதலில் சி டிரைவிற்குக் காப்பி செய்திடுங்கள், லினக்ஸில் எம்.என்.டி. என்ற போல்டருக்குள் சி என்ற பெயரில் அந்த டிரைவ் இருக்கும். மகளின் புரோகிராம் அங்கிருந்தே ஓடியது.

தினமும் வேலை செய்யும் பைல்களை லினக்ஸின் சொந்த போல்டரில் வைத்தால் வேகம் கூடும். ஆனால் ஒன்று: உபுண்டு வேண்டாமென அன்ரெஜிஸ்டர் கட்டளை கொடுத்தால், அந்த போல்டரில் உள்ளவை அனைத்தும் அழிந்துவிடும், ரீசைக்கிள் பின்னிலும் கிடைக்காது. சி டிரைவில் உள்ளவை அப்படியே இருக்கும். போட்டோ இழந்த அனுபவத்தில், மகளின் ரெக்கார்ட் புரோகிராம்களுக்கு அங்கே ஒரு காப்பி வைத்திருக்கிறேன்.