போய்பெட் எல்லை: ஒரு பயண மோசடியின் அமைப்பு

பாங்காக்கிலிருந்து அங்கோர் வாட் கோயிலைக் காணத் தரைவழியே செல்வோர், தாய்லாந்தின் சா கேயோ மாகாணத்திலுள்ள அரண்யபிரதேத் நகரைக் கடந்து, கம்போடியாவின் எல்லை ஊரான போய்பெட் வழியாகச் சியெம் ரீப் நகரை அடைவதே நெடுங்கால வழக்கமாக இருந்துவந்தது. பாங்காக்கிலிருந்து எல்லை வரை ஏறத்தாழ 250 கிலோமீட்டர், எல்லையிலிருந்து சியெம் ரீப் வரை ஏறத்தாழ 150 கிலோமீட்டர் என ஒரே பகலில் முடிந்துவிடக்கூடிய இந்தச் சிறிய பாதைதான், தென்கிழக்கு ஆசியாவில் பயணிகள் மிகுதியாக ஏமாற்றப்பட்ட எல்லைப் பாதைகளுள் ஒன்றாகப் பெயரெடுத்தது. இங்கே நடந்தது வழிப்பறியோ பிக்பாக்கெட்டோ அன்று. பாங்காக்கில் சீட்டு விற்பவர் தொடங்கி, பேருந்தின் வழிகாட்டி, விசா முகவர், பணமாற்றுக்காரர், எல்லை அலுவலர் சிலர், சியெம் ரீப்பின் விடுதிக்காரர் வரை பலரும் ஒரே பயணியிடமிருந்து சிறிது சிறிதாக எடுத்துப் பங்கிட்டுக்கொள்ளும் ஓர் ஏற்பாடு அது. ஏமாந்தவரின் அறியாமையைப் பேசுவதை விட இந்த ஏற்பாடு எவ்வாறு இயங்கியது என்பதைப் பேசுவதே பயனுடையது. ஏனெனில் இதில் சிக்கியவர்களுள் பெரும்பாலோர் படித்தவர்கள், பல நாடுகளைச் சுற்றியவர்கள்.

இத்தகைய ஏற்பாடு இங்கே உருவானதற்கு இந்த எல்லையின் வரலாறு ஒரு முக்கியக் காரணம். கம்போடியாவை ஆண்ட கெமர் ரூஜ் இயக்கத்தின் ஆட்சி 1979-இல் வீழ்ந்தபோது இலட்சக்கணக்கான கம்போடியர்கள் இந்தப் பகுதி வழியாகவே தாய்லாந்துக்குள் தப்பி வந்தார்கள். அரண்யபிரதேத்தைச் சுற்றிப் பல ஆண்டுகள் அகதி முகாம்கள் இருந்தன. 1991-இல் பாரிசில் அமைதி உடன்பாடு கையெழுத்தாகி, 1993-இல் ஐக்கிய நாடுகள் அவையின் மேற்பார்வையில் தேர்தல் நடந்து முடிந்த பின்னரும், போய்பெட் பகுதியில் கண்ணிவெடிகளும் வறுமையும் எஞ்சியிருந்தன. 1990-களின் இறுதியில் வெளிநாட்டுப் பயணிகள் இவ்வழியே வரத் தொடங்கியபோது, ஊதியம் மிகக் குறைவாக இருந்த அலுவலர்களுக்கும் வேறு பிழைப்பில்லாத ஊர்மக்களுக்கும் கையில் டாலருடன் நாள்தோறும் வந்திறங்கும் அந்நியர்களே பெரிய வருவாயாக அமைந்தார்கள். தாய்லாந்தில் சூதாட்ட விடுதிகளுக்கு அனுமதி இல்லாததால், இரு நாட்டுக் குடிநுழைவுச் சாவடிகளுக்கும் இடைப்பட்ட குறுகிய நிலப்பரப்பில் தாய்லாந்தினருக்காகவே கேசினோக்கள் வரிசையாக எழுந்தன. தன் உற்பத்தியால் அன்றி, எல்லை என்ற ஒன்று இருப்பதாலேயே வாழ்ந்த ஊர் போய்பெட்.

மோசடியின் தொடக்கம் எல்லையில் இல்லை. வெளிநாட்டு இளைஞர்கள் குறைந்த செலவில் தங்கும் பாங்காக்கின் காவோ சான் சாலையில் இருந்தது. அங்கிருந்த பயண முகவர்கள் சியெம் ரீப் வரையான முழுப் பயணத்துக்கும் ஒரே சீட்டை விற்றார்கள்; அதன் விலையோ அரசுப் பேருந்தில் எல்லை வரை சென்று, அங்கிருந்து தனியாக வண்டி பிடித்துச் செல்வதற்கு ஆகும் செலவை விடக் குறைவாக இருந்தது. டீசல், ஓட்டுநர் கூலி, எல்லைக்கு அப்பால் ஓடும் வண்டியின் வாடகை ஆகியவற்றைக் கூட்டினால் அந்த விலைக்கு எவராலும் நட்டமின்றி வண்டி ஓட்ட முடியாது என்பதே இதில் கவனிக்க வேண்டிய செய்தி. சீட்டு ஒரு தூண்டில் இரை. வருவாய் முழுவதும் வழியில் கிடைக்கும் தரகுப் பணத்திலிருந்து வர வேண்டும் என்பதே கணக்கு. எனவே பேருந்து எங்கே நிற்கும், எவ்வளவு நேரம் நிற்கும், எப்போது போய்ச் சேரும் என்பவை எல்லாம் பயணியின் வசதிக்காக அல்லாமல், தரகு கிடைக்கும் இடங்களை ஒட்டியே தீர்மானிக்கப்பட்டன.

முதல் நிறுத்தம் எல்லைக்குச் சில கிலோமீட்டர் முன்பாக, தாய்லாந்துப் பகுதியிலேயே உள்ள ஓர் உணவகம். கம்போடிய விசாவை இங்கேயே எடுத்துவிடலாம், எல்லையில் எடுத்தால் பல மணிநேரம் வரிசையில் நிற்க வேண்டும், பேருந்து காத்திருக்காது என்று வழிகாட்டி அறிவித்து, கடவுச்சீட்டுகளையும் படிவங்களையும் திரட்டிக்கொள்வார். சில வண்டிகள் தூதரக அலுவலகம் போன்ற தோற்றமும் கொடியும் பெயர்ப்பலகையும் கொண்ட ஒரு கட்டடத்தின் முன் நிற்கும். கம்போடியாவின் சுற்றுலா விசாவை எல்லைச் சாவடியிலேயே நேரில் பெற முடிந்தது. அதற்குரிய கட்டணம் 2014 வரை 20 டாலராகவும் அதன்பின் 30 டாலராகவும் இருந்தது. உணவகத்தில் கேட்கப்பட்ட தொகை தாய்லாந்து நாணயமான பாட்டில் சொல்லப்பட்டதால், டாலர் கணக்கு உடனே மனத்தில் ஓடாத பயணி, உரிய கட்டணத்தை விடப் பல நூறு பாட் கூடுதலாகக் கொடுத்துவிட்டு, வேலை முடிந்த நிம்மதியோடு உண்ண உட்கார்ந்தார். இதில் கையில் கிடைக்கும் விசா பெரும்பாலும் உண்மையானதே என்பதால், தாம் ஏமாற்றப்பட்டதையே பலர் ஒருபோதும் அறிந்ததில்லை.

அடுத்தது பணமாற்று. கம்போடியாவின் நாணயம் ரியெல். ஒரு டாலருக்கு ஏறத்தாழ 4000 ரியெல் என்ற மதிப்பு பல ஆண்டுகளாகப் பெரிதாக மாறாமல் நிற்கிறது. ஆயினும் ஐ.நா. பணியாளர்கள் 1990-களின் தொடக்கத்தில் பெருமளவில் டாலரைக் கொண்டுவந்து செலவிட்டதிலிருந்து, அந்நாட்டில் விடுதி, உணவகம், கோயில் நுழைவுச்சீட்டு ஆகிய எல்லாவற்றுக்கும் டாலரே கைமாறுகிறது. ரியெல் பெரும்பாலும் சில்லறைக்குப் பயன்படுகிறது. இதை அறியாத பயணியிடம், சியெம் ரீப்பில் பணம் எடுக்கும் இயந்திரம் கிடையாது, உள்ளே மாற்றினால் மதிப்புக் குறையும் என்று கூறி, மிக மோசமான விகிதத்தில் கட்டுக்கட்டாக ரியெல் கொடுக்கப்பட்டது. விசாவில் பறிபோனதை விடப் பணமாற்றில் பறிபோனதே பலருக்கு அதிகம். ஏனெனில் விசாவுக்கு ஓர் உச்சவரம்பு உண்டு, மாற்றும் தொகைக்கு அது கிடையாது.

எல்லைச் சாவடியில் நிகழ்ந்ததுதான் உள்ளபடியே அதிக வருத்தம் தருவது. தாய்லாந்தின் குடிநுழைவு அலுவலகத்தில் வெளியேற்ற முத்திரை, அதாவது அந்நாட்டை விட்டுச் சென்றதற்கான பதிவு, கடவுச்சீட்டில் விழுந்தவுடன், பயணி சட்டப்படி தாய்லாந்திலும் இல்லை. கம்போடியாவுக்குள் இன்னும் நுழையவும் இல்லை. அங்குள்ள சிறு பாலத்தையும் அங்கோர் கோபுரங்களின் வடிவில் அமைந்த வளைவையும் கடந்து வந்து நிற்கும்போது, விசா அலுவலகச் சுவரில் 30 டாலர் என்று எழுதியிருக்க, சீருடை அணிந்த அலுவலரே கூடுதலாக நூறு, இருநூறு பாட் கேட்பார்; கொடுக்க மறுப்பவரின் படிவம் ஓரமாக வைக்கப்படும். உடல்நலச் சோதனை என்ற பெயரில் ஒரு மேசை போட்டு, சிறு தொகை வாங்கிக்கொண்டு ஒரு தாளைக் கொடுத்த காலங்களும் உண்டு. முகவரிடம் ஏமாறுவதும் அரசின் முத்திரையைக் கையில் வைத்திருப்பவரிடம் கூடுதல் பணம் கொடுப்பதும் ஒன்றல்ல. முன்னதில் விலகிச் செல்ல வழி உண்டு. பின்னதில் திரும்பிப் போவதற்கே மீண்டும் ஒரு நாட்டின் அனுமதி வேண்டும். விசா இல்லாமல் தரைவழியே நுழைவதை ஆண்டுக்கு இருமுறை என்று தாய்லாந்து 2016-இன் இறுதியில் வரையறுத்த பிறகு, திரும்பிப் போவது இன்னும் கடினமானது. நான்கைந்து டாலருக்காக அந்த வெயிலில் வாதாடுவதை விடக் கொடுத்துவிட்டுப் போவதே மேல் என்று பெரும்பாலோர் முடிவு செய்தார்கள். அந்த முடிவை எதிர்பார்த்தே தொகை அவ்வளவு சிறிதாக வைக்கப்பட்டிருந்தது.

எல்லையைக் கடந்த பின் ‘இலவசப் பேருந்து’ ஒன்று பயணிகளை ஊருக்கு வெளியே உள்ள ஒரு பேருந்து நிலையத்தில் கொண்டுபோய் இறக்கியது. அங்கே நிர்ணயிக்கப்பட்ட கட்டணத்தில் ஓடும் வண்டியைத் தவிர வேறு வண்டி கிடைக்காது. முழுச் சீட்டு வைத்திருந்தவர்களுக்கு இன்னொரு வேலை காத்திருந்தது: காத்திருப்பது. போய்பெட்டிலிருந்து சிசோபோன் வழியாகச் சியெம் ரீப் செல்லும் சாலை 2000-களின் இறுதி வரை செம்மண் புழுதியும் பள்ளமுமாக இருந்ததால் தாமதத்துக்குச் சாலையைக் காரணம் காட்ட முடிந்தது. சாலை செப்பனிடப்பட்ட பின்னும் வண்டி பழுது, நீண்ட உணவு இடைவேளை என்று காரணங்கள் தொடர்ந்தன. இருட்டிய பிறகு, சோர்ந்துபோன பயணிகளை ஒரு குறிப்பிட்ட விடுதியின் வாசலிலோ நகரின் ஓரத்திலோ இறக்கிவிட்டால், அந்நேரத்தில் வேறு விடுதி தேட அவர்களுக்கு மனம் வராது. அவ்விடுதி ஒவ்வொரு தலைக்கும் தரகு தரும் என்பதே தாமதத்தின் உண்மையான காரணம். இலவசமாக அழைத்துச் செல்லும் துக்துக் என்ற வாடகை வண்டியின் ஓட்டுநரும் மறுநாள் கோயில்களைச் சுற்றிக்காட்டும் வாடகையை எதிர்பார்த்தே அங்கு நின்றார். இவர்களுள் மிகக் குறைவாக ஈட்டியவர் அந்த ஓட்டுநர்தான் என்பதையும், பயணிகளின் கோபம் பெரும்பாலும் அவர்மீதே பாய்ந்தது என்பதையும் சொல்லாமல் விடுவது நியாயமாகாது.

அறிவுள்ளவர்கள் இதில் ஏன் சிக்கினார்கள் என்ற கேள்விக்கு விடை மேற்கண்ட வரிசையிலேயே உள்ளது. ஒவ்வொரு படியிலும் இழப்பு சிறிது. ஒவ்வொரு படியிலும் மறுத்தால் ஏற்படும் தொல்லை பெரிது. கடவுச்சீட்டு பிறர் கையில், பெட்டி பேருந்தின் வயிற்றில், உடன் வந்த மற்றவர்கள் எல்லாரும் பணம் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறார்கள் என்ற நிலையில், ஒருவர் மட்டும் மறுத்து நிற்பதற்குப் பணத்தை விட மனவலிமையே மிகுதியாகத் தேவைப்படும். கூட்டத்தின் பொறுமையின்மையை வழிகாட்டி தம் பக்கம் திருப்பிக்கொள்வார். இதையெல்லாம் எண்ணாமல், ஏமாந்தவரை எள்ளி நகையாடுவது மோசடிக்காரருக்கே உதவும். வெட்கத்தால் வாய் மூடிக்கொள்பவர் அடுத்தவரை எச்சரிக்க மாட்டார்.

நிலைமை மாறாமலும் இல்லை. கம்போடியா 2006 முதல் இணையவழி விசா வழங்கிவருகிறது. வீட்டிலிருந்தே கட்டணத்தைச் செலுத்திவிடுவதால், உணவக நிறுத்தத்துக்கும் சாவடிப் பேரத்துக்கும் வேலையில்லாமல் போனது. ஆனால் அரசுத் தளத்தைப் போலவே தோற்றமளித்து இருமடங்குக்கு மேல் வாங்கும் தனியார் தளங்கள் உடனே முளைத்தன; உணவகத்தில் இருந்த முகவர் திரைக்குள் குடிபுகுந்தார் என்றே கொள்ள வேண்டும். 2010-களின் தொடக்கத்தில் பாங்காக்கிலிருந்து சியெம் ரீப் வரை வண்டி மாறாமல் செல்லும் பேருந்தைத் தாய்லாந்தின் அரசுப் போக்குவரத்து நிறுவனம் தொடங்கியது. நியாயமான விலையில் நேர்மையான சீட்டு ஒன்று சந்தைக்கு வந்தபோது, நட்ட விலைச் சீட்டின் கவர்ச்சி குறைந்தது. காவல் நடவடிக்கைகளை விட இத்தகைய மாற்று வழிகளே மோசடியை அதிகம் ஒடுக்கின என்று கருத இடமுண்டு.

தமிழ்நாட்டு யாத்திரிகர்கள் மிகுதியாகக் கடக்கும் இந்திய–நேபாள எல்லையான சுனௌலியிலும் இதே அமைப்பின் ஒரு பகுதியைக் காணலாம். 108 திவ்யதேசங்களுள் ஒன்றான, நேபாளத்திலுள்ள முக்திநாத்துக்குக் கோரக்பூர் வழியாகச் செல்லும் இந்தியர்களுக்கு விசா தேவையில்லை என்பதால் விசா மோசடிக்கு அங்கே இடமில்லை. ஆனால் சீட்டும் நாணயமும் இருக்கின்றன. எல்லையின் ஒரு பக்கத்தில் வாங்கிய முழுப் பயணச் சீட்டு மறுபக்கத்தில் செல்லாது என்று சொல்லி மீண்டும் பணம் வாங்குவது பழைய தந்திரம். அதே போல, 1993 முதல் 100 இந்திய ரூபாய்க்கு 160 நேபாள ரூபாய் என்று மதிப்பு நிலையாக இருக்கும்போது, எந்த நாட்டு ரூபாய் என்று சொல்லாமல் கட்டணம் பேசிவிட்டு, இறங்கும்போது இந்திய ரூபாயில் கேட்பதும் அங்கே நடப்பதுண்டு. பேசும்போதே எந்த ரூபாய் என்று கேட்டு உறுதிசெய்துகொண்டால் இது நேராது.

தாய்லாந்து 2023 நவம்பரில் இந்தியர்களுக்கு விசா விலக்கு அளித்த பின், பாங்காக் வரை சென்று அங்கோரையும் பார்த்துவர விரும்பும் தமிழர்கள் பெருகியுள்ளனர். ஆனால் எல்லைத் தகராறு காரணமாக 2025 ஜூனில் தாய்லாந்து கம்போடியாவுடனான தரைவழிச் சாவடிகளைப் பயணிகளுக்கு மூடியது. ஜூலையிலும் டிசம்பரிலும் இரு படைகளுக்கும் இடையே சண்டை மூண்டது. மூடிய எல்லைக்கும் சீட்டு விற்க ஆள் இருக்கும் என்பதால், புறப்படும் நாளில் சாவடி திறந்திருக்கிறதா என்பதை இரு நாட்டு அரசுகளின் அறிவிப்புகளிலும் பாங்காக், நோம்பென் நகரங்களிலுள்ள இந்தியத் தூதரகங்களின் அறிவிப்புகளிலும் பார்த்த பின்னரே தரைவழிச் சீட்டுக்குப் பணம் கொடுக்க வேண்டும். விசாவை அரசின் இணையத் தளத்தில் மட்டும் எடுங்கள். கடவுச்சீட்டைச் சீருடை அணிந்த குடிநுழைவு அலுவலரைத் தவிர எவர் கையிலும் கொடுக்காதீர்கள். ஏமாந்திருந்தால், எங்கே, எவ்வளவு என்பதை அடுத்துச் செல்வோரிடம் தயங்காமல் சொல்லுங்கள்.