கார் சுருங்கும், பெயின்ட் சுருங்காது

1957-ஆம் ஆண்டு வந்த ஷெவர்லே பெல் ஏர் காரின் நீளம் 200 அங்குலம். ஐந்து மீட்டருக்குச் சற்று மேல். அதை 25-இல் ஒரு பங்காகச் சுருக்கினால் 8 அங்குலம்தான். எழுதும் மேசையின் ஓரத்தில் நிறுத்திவிடலாம். அப்படிச் சுருக்கிய காரைத் துண்டு துண்டாக வாங்கி, வெட்டி, தேய்த்து, ஒட்டி, பெயின்ட் அடித்து, இன்ஜின் வயர் வரை பொருத்தி முழு வண்டியாக்குவதுதான் மாடல் கார் கட்டும் பொழுதுபோக்கு.

கிட் எனப்படும் பெட்டியைத் திறந்தால் கார் இருக்காது. பாடி ஒன்று தனியாக இருக்கும். மற்ற பாகங்கள் நூறுக்கும் மேல், பிளாஸ்டிக் சட்டங்களில் ஒட்டியபடி எண் போட்டு இருக்கும். பம்பர், கிரில் போன்றவை குரோம் பூசிய தனிச் சட்டத்தில் வரும். கண்ணாடிகள், நான்கு டயர், நம்பர் பிளேட்டும் சின்னங்களும் அச்சிட்ட தண்ணீர் ஸ்டிக்கர் தாள், படங்களோடு ஒரு செய்முறைத் தாள் ஆகியவையும் உண்டு. பசையும் பெயின்ட்டும் நாம்தான் வாங்க வேண்டும்.

நிஜக் காரில் உள்ள ஒவ்வொன்றும் 25 மடங்கு குறைந்தால்தான் மாடல் மெய்யாகத் தெரியும். பாடியும் சக்கரமும் தொழிற்சாலையிலேயே குறைந்து வந்துவிடுகின்றன. பெயின்ட்டின் தடிமன், பசைத் துளி, தூசி, விரல் ரேகை, பிளாஸ்டிக் தகட்டின் கனம் ஆகியவை குறைவதில்லை. அவற்றைக் கையால் குறைத்தாக வேண்டும். ஒரு மாடலைப் பார்த்ததும் ‘பொம்மை’ என்று தோன்றினால், சுருங்காத ஏதோ ஒன்று கண்ணில் பட்டுவிட்டது என்று பொருள். இந்தக் கலையின் எல்லா உத்திகளும் இந்த ஒரு சிக்கலைத் தீர்க்க வந்தவையே என்று நினைக்கிறேன்.

அளவுகள் பல இருக்கின்றன. 1/24 என்றால் நிஜக் காரின் ஓர் அடி மாடலில் அரை அங்குலம். ஜப்பானிய கிட்டுகள் பெரும்பாலும் இந்த அளவில் வரும். அமெரிக்க கிட்டுகள் பல 1/25. இரண்டுக்கும் வேறுபாடு நான்கே சதவீதம், ஆனாலும் அருகருகே நிறுத்தினால் கண்டுபிடித்துவிடலாம். ஃபார்முலா 1 கார்களுக்கு 1/20, பெரிதாகக் கட்ட விரும்புவோருக்கு 1/12, அலமாரியில் வரிசையாக அடுக்குவோருக்கு 1/43. நம் ஊர்க் கடைகளில் எளிதாகக் கிடைக்கும் ஹாட் வீல்ஸ் கார்களைப் பொதுவாக 1/64 என்பார்கள். ஆனால் எல்லாக் கார்களும் ஒரே அட்டைக்குள் அடங்க வேண்டும் என்பதால் லாரியும் சிறிய காரும் ஏறக்குறைய ஒரே நீளத்தில் வரும். அளவு கறாராக வேண்டும் என்பவர்களுக்கு அது சரிப்படாது. இந்தக் கட்டுரையில் கணக்கெல்லாம் 1/25-இலேயே போடுகிறேன்.

அமெரிக்க மாடல் கார்களின் வேர் கார் ஷோரூம்களில் இருக்கிறது. டெட்ராய்ட் வட்டாரத்தில் 1948-இல் தொடங்கிய ஏ.எம்.டி. நிறுவனம், அந்தந்த ஆண்டுப் புதுக் கார்களை நிஜ நிறங்களிலேயே சிறிதாக வார்த்து விற்பனையாளர்களுக்குக் கொடுத்தது. வாடிக்கையாளரின் பிள்ளைகள் கையில் அவை போய்ச் சேர்ந்தன. 1958-இல் அதே வார்ப்புகளைப் பாகம் பாகமாகப் பெட்டியில் போட்டு விற்கத் தொடங்கினார்கள். ஒரே பெட்டியை மூன்று விதமாகக் கட்டலாம்: ஷோரூமில் நின்றபடி, விருப்பம்போல் மாற்றியமைத்த வண்டியாக, அல்லது பந்தயக் காராக. பக்கத்து வீட்டுப் பையன் கட்டிய அதே காரை நீங்கள் வேறாகக் கட்டலாம் என்பதுதான் பிள்ளைகளை இழுத்தது.

ஜப்பானில் கதை மரத்தில் தொடங்குகிறது. ஷிசுவோகா நகரில் 1946-இல் மர அறுவைத் தொழிலாகப் பிறந்த தமியா, மர மாடல்கள் செய்து, 1960-இல் பிளாஸ்டிக்குக்கு மாறியது. 1976-இல் 1/12 அளவில் போர்ஷே 934-ஐ வெளியிடுவதற்காக, ஒரு நிஜப் போர்ஷே 911-ஐ விலைக்கு வாங்கி, அக்கக்காகப் பிரித்து அளந்தார்கள். ஒரு கிட்டுக்காக ஒரு காரையே பலி கொடுத்த அந்தத் துணிச்சலில் அவர்களுடைய பெயர் நிலைத்தது. இன்றும் ஷிசுவோகாவில் ஆண்டுதோறும் மே மாதம் நடக்கும் ஹாபி ஷோவுக்கு உலகெங்கிலுமிருந்து ஆட்கள் போகிறார்கள்.

இனி வேலைக்கு வருவோம். முதல் வேலை பாத்திரம் கழுவும் சோப்பு நீரில் எல்லாச் சட்டங்களையும் கழுவுவது. வார்ப்பு அச்சிலிருந்து பிளாஸ்டிக் எளிதாகக் கழல எண்ணெய் போன்ற ஒரு பூச்சு இடுவார்கள். அது மிச்சமிருந்தால் பெயின்ட் பிடிக்காது. பாகங்களைச் சட்டத்திலிருந்து முறித்து எடுக்கக் கூடாது. நிப்பரால் சற்றுத் தள்ளி வெட்டிவிட்டு, மீதியைப் பிளேடால் சீவி, வாட்டர் பேப்பரில் தேய்க்க வேண்டும். அச்சின் இரு பாதிகள் சேர்ந்த இடத்தில் பாடியின் மீது மயிரிழை போல ஒரு கோடு ஓடும். பெரும்பாலும் மட்கார்டின் மேல் விளிம்பிலோ கூரைத் தூணிலோ ஒளிந்திருக்கும். வெறும் கண்ணுக்குத் தெரியாத அந்தக் கோடு, பளபளப்பான பெயின்ட் ஏறியதும் பளிச்சென்று காட்டிக்கொடுத்துவிடும். அதனால் பிரைமர் என்னும் அடிப்பூச்சுக்கு முன்பே விரலால் தடவித் தேடி, தேய்த்து எடுத்துவிடுங்கள்.

பசை மூன்று வகை. பிளாஸ்டிக் சிமென்ட் உண்மையில் ஒட்டுவதில்லை. இரு பாகங்களின் விளிம்பையும் கரைத்து ஒன்றாக்குகிறது. பாகங்களைச் சேர்த்துப் பிடித்து, இடுக்கில் தூரிகை முனையால் தொட்டால் தானே உள்ளே ஓடிவிடும். உலோகத் துண்டுகளுக்கு சூப்பர் குளூ வேண்டும். ஆனால் கண்ணாடிப் பாகத்தின் அருகில் அதைக் கொண்டுபோகாதீர்கள். ஆவி படிந்து கண்ணாடி வெளுத்துவிடும். கண்ணாடிக்குப் பள்ளிப் பிள்ளைகள் பயன்படுத்தும் வெள்ளைப் பசையே போதும். காய்ந்தால் நிறமற்றுப் போகும், சிந்தினாலும் ஈரத்துணியால் துடைத்துவிடலாம்.

பெயின்ட்தான் மாடல் காரின் பெரும்பகுதி. ராணுவ டாங்கி மாடலில் ஒரு கீறல் அழகு. காரில் அதே கீறல் குறை. நிஜக் காரின் பெயின்ட் எல்லா அடுக்கும் சேர்த்து ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர். மாடலில் அதே 0.1 மில்லிமீட்டர் ஏறினால், நிஜ அளவில் அது இரண்டரை மில்லிமீட்டர் தடித்த பெயின்ட். கதவு இடுக்குகள் தூர்ந்துபோகும், ‘பெல் ஏர்’ என்று பாடியில் புடைத்து நிற்கும் எழுத்து மொழுக்கையாகும். ஆகவே இரண்டு காரியங்கள் செய்ய வேண்டும். பெயின்ட்டுக்கு முன்பே கதவு, பானட் இடுக்குக் கோடுகளைப் பிளேடின் முதுகால் மெல்ல இழுத்து ஆழமாக்குவது ஒன்று. தடியாக ஒரு தடவை அடிக்காமல், மெல்லிய பல பூச்சுகளாக அடிப்பது மற்றொன்று. ஏர்பிரஷ் இருந்தால் நல்லது. ஸ்ப்ரே டப்பாவிலும் அருமையாக வரும்.

மெட்டாலிக் நிறத்தில் இன்னொரு பொறி இருக்கிறது. நிஜக் கார் டச்-அப் பெயின்ட்டில் உள்ள உலோகத் துகள் காரில் மினுமினுக்கும். மாடலில் அடித்தால் ஒவ்வொரு துகளும் 25 மடங்கு பெரிதாகி, காரின் மேல் சர்க்கரை கொட்டியது போலத் தெரியும். மாடலுக்கென்றே அரைத்த நுண்துகள் பெயின்ட்தான் இதற்கு வழி. சாதா நிறங்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. முதல் காருக்கு ஒரு சாதா நிறத்தைத் தேர்ந்தெடுங்கள்.

சென்னை, தூத்துக்குடி, யாழ்ப்பாணம் போன்ற கடலோர ஊர்களில் இருப்பவர்கள் ஒன்றைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். லேக்கர் பெயின்ட்டின் தின்னர் வேகமாக ஆவியாகும்போது பாடியின் மேற்பரப்பு குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரம் அதன்மேல் படியும். கறுப்பு பெயின்ட் சாம்பல் பூத்ததுபோல் வெளுத்துவிடும். மழைநாளில் இது எளிதில் நடக்கும். காற்று உலர்ந்த நாளுக்குக் காத்திருப்பதுதான் முதல் மருந்து. மெதுவாக ஆவியாகும் தின்னரைக் கலப்பது இரண்டாவது. ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் என்.சி. தின்னர் ஏர்பிரஷைக் கழுவ உதவும். ஆனால் அதைப் பெயின்ட்டில் கலந்து வெறும் பிளாஸ்டிக்கின் மேல் ஈரமாக அடித்தால் பிளாஸ்டிக்கையே அரித்துவிடும். எந்தப் பெயின்ட்டானாலும் ஜன்னலைத் திறந்து வைத்து, ஆவியை வடிகட்டும் கார்ட்ரிட்ஜ் உள்ள மாஸ்க் போட்டு அடியுங்கள். துணி மாஸ்க் தூசியைத்தான் தடுக்கும், தின்னர் ஆவியைத் தடுக்காது.

அடித்த பாடியை உடனே ஒரு மூடிய பிளாஸ்டிக் டப்பாவுக்குள் வையுங்கள். ஒரு தூசி நிஜ அளவில் கூழாங்கல்; ஒரு தலைமுடி, கயிறு. நன்றாகக் காய்ந்தபின் 2000 கிரிட்டுக்கும் மேற்பட்ட நுண்மையான வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்து மேடு பள்ளங்களைத் தேய்த்து, பாலிஷ் போட்டால் கூரையில் விளக்கின் பிம்பம் நெளியாமல் தெரியும். விளிம்புகளில் மட்டும் கை வைக்காதீர்கள். பெயின்ட் அங்கேதான் மெல்லியது, இரண்டு இழுப்பில் பிரைமர் வெளியே வந்துவிடும்.

பெல் ஏர் போன்ற ஐம்பதுகளின் அமெரிக்கக் கார்களில் குரோம் பட்டைகள் ஏராளம். அவற்றைத் தூரிகையால் வெள்ளி பெயின்ட் தொட்டு வரைந்தால் ஒருபோதும் சரியாக வராது. பின்புறம் பசை உள்ள, சிகரெட் பெட்டித் தாளைவிட மெல்லிய அலுமினியத் தகடு இதற்கென்றே விற்கிறது. பட்டையின் மேல் ஒட்டி, மரக்குச்சியால் நீவி, புதுப் பிளேடால் ஓரத்தை வெட்டி எடுத்தால், உலோகத்தின் இடத்தில் உலோகமே நிற்கும். இதில் எனக்கு மிகவும் பிடித்த உத்தி எழுத்துச் சின்னங்களுக்கானது. பிரைமருக்குப் பிறகு, நிறம் அடிப்பதற்கு முன்பு, புடைத்த எழுத்தின்மேல் தகட்டை ஒட்டி, எழுத்தின் அளவுக்கு நறுக்கிவிட வேண்டும். அதன்மேலேயே நிறத்தை அடித்து, முழுதாக இறுகும் முன் தின்னரில் லேசாக நனைத்த துணியைக் குச்சி முனையில் சுற்றி எழுத்தின் உச்சியை மட்டும் துடைத்தால், உள்ளிருந்து உலோக எழுத்து வெளிவரும். எந்தத் தூரிகையாலும் அவ்வளவு மெல்லிய எழுத்தை எழுத முடியாது.

கதவு இடுக்குகளில் நிழல் விழ, நீர்க்கக் கரைத்த எனாமலைத் தொட்டு ஓடவிடுவார்கள். அடியில் லேக்கரோ கிளியர் என்னும் நிறமற்ற மேல்பூச்சோ காய்ந்து இறுகியிருந்தால் இது பாதுகாப்பானது. வெள்ளைக் காருக்குச் சாம்பல், சிவப்புக் காருக்கு அடர் பழுப்பு. கறுப்பை ஓடவிட்டால் கார்ட்டூன் படத்துக் கோடு போட்டதாகிவிடும்.

இன்ஜின் அறைதான் பொறுமை உள்ளவர்களின் சொர்க்கம். கிட்டில் வரும் இன்ஜினில் பெரும்பாலும் வயர்களே இருக்காது. அந்தக் காலத்து ஸ்பார்க் பிளக் வயரின் தடிமன் 7 மில்லிமீட்டர். 25-இல் ஒரு பங்கு 0.28 மில்லிமீட்டர். மோட்டார் காயில் கட்டும் கடையில் கிடைக்கும் 32 கேஜ் செம்புக் கம்பி 0.27 மில்லிமீட்டர். ஒரு முழம் கேட்டு வாங்கி வந்தால் ஒரு காருக்குத் தாராளமாக வரும். கறுப்பு பூசி, டிஸ்ட்ரிபியூட்டர் மூடியில் நுண்துளையிட்டுச் செருகலாம். பெல் ஏரின் வி8 இன்ஜினுக்கு எட்டு பிளக், ஒரு காயில், மொத்தம் ஒன்பது கம்பி. எந்தக் கம்பி எந்த பிளக்குக்கு என்பதற்கும் வரிசை உண்டு: 1-8-4-3-6-5-7-2. அந்த வரிசையில் டிஸ்ட்ரிபியூட்டரைச் சுற்றி இணைத்தால், ஒரு மெக்கானிக் குனிந்து பார்த்தாலும் தலையாட்டுவார். இது தேவையா என்று கேட்பவர்கள் உண்டு. தேவை என்பேன். வயரை இணைத்த பிறகுதான் அந்த இன்ஜின் எப்படி இயங்குகிறது என்பது பலருக்கு முதன்முறையாகப் புரிகிறது.

உள்பகுதியில் இரண்டு இடங்களில் உழைத்தால் போதும். சீட் பெல்ட் நிஜத்தில் ஐந்து சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவான அகலம், மாடலில் இரண்டு மில்லிமீட்டர். மருந்துக்கடைக் காகித டேப்பைக் கீற்றாக வெட்டிச் சாயம் பூசினால் நெசவுபோலவே தெரியும். தரைக் கம்பளத்துக்கு நுண்ணிய பஞ்சுத் தூளைப் பசையின் மேல் தூவலாம். டேஷ்போர்டுக்கும் சீட்டுக்கும் அப்பட்டக் கறுப்பைத் தவிர்த்து அடர் சாம்பல் அடியுங்கள். சிறிய பொருளில் கறுப்பு எல்லா வடிவத்தையும் விழுங்கிவிடும்.

பிளாஸ்டிக் பாடியின் கனம் ஒரு மில்லிமீட்டருக்கு மேல். நிஜ அளவில் அது இரண்டரை சென்டிமீட்டர். நிஜத் தகடோ ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான். முழுவதையும் இழைக்க வேண்டியதில்லை. மட்கார்டு விளிம்பு, பம்பரின் கீழ் ஓரம் என்று கண்ணில் படும் இடங்களில் மட்டும் உட்புறமாகச் சாய்வாகச் சீவினால் தகடு மெல்லியதாகத் தோன்றும்.

கடைசியில் சக்கரங்கள். டயர் தரையில் பதியும் பகுதியை உப்புத்தாளில் உருட்டித் தேய்த்து வார்ப்புக் கோட்டையும் மினுமினுப்பையும் எடுத்துவிடுங்கள். பழைய கிட்டுகளின் மென்மையான டயர்கள் ஆண்டுக்கணக்கில் பிளாஸ்டிக் சக்கரத்தைத் தொட்டபடி இருந்தால், டயரிலிருந்து கசியும் மென்மையாக்கி சக்கரத்தையே உருக்கிவிடும். இடையில் சிறிது தகடு சுற்றுவது நல்லது. நான்கு சக்கரமும் ஒன்றுபோலத் தரையைத் தொடுகின்றனவா என்று கண்ணாடிப் பலகையின்மேல் வைத்துச் சரிபாருங்கள். ஒரு சக்கரம் அரை மில்லிமீட்டர் தூக்கியிருந்தால் மற்ற எல்லா உழைப்பும் வீண்.

முடிந்ததும் படம் எடுக்கத் தோன்றும். மேலிருந்து குனிந்து எடுக்காதீர்கள். நின்றபடி காரைப் பார்க்கும் ஒருவரின் கண், தரையிலிருந்து 1.6 மீட்டர் உயரத்தில் இருக்கும். 25-இல் ஒரு பங்கு 6.4 சென்டிமீட்டர். கேமராவை அந்த உயரத்தில் வைத்து, சற்று விலகி நின்று, லென்ஸின் துளையைச் சிறிதாக்கி, முன் பம்பரிலிருந்து பின் விளக்கு வரை தெளிவாக விழும்படி எடுங்கள். அறை விளக்கைவிட மொட்டை மாடி வெயில் இதற்கு நல்லது.