அகல டயருக்கு அகல மட்கார்டு

அலோர் காஜா என்ற பெயரிலேயே யானை இருக்கிறது. மலாயில் காஜா என்றால் யானைதானே! இன்று நம் வட்டாரத்துச் செம்மண் பாதைகளில் யானைக்கால் போன்ற டயர்களோடு 'ஃபோர் வீல்' வண்டிகள் ஓடுகின்றன. மழைக்காலச் சேற்றில் அகல டயர் பெரிய உதவிதான். ஆனால், டயரை மாற்றுகிற பலர் மட்கார்டை மறந்து விடுகிறார்கள். டயர் வெளியே துருத்திக் கொண்டு நிற்கிறது.

இதனால் யாருக்குக் கஷ்டம்? வண்டிக்குள் இருப்பவருக்கு அல்ல; மோட்டார் சைக்கிளில் பிள்ளையைப் பள்ளிக்கு அழைத்து வரும் தாய்க்கும், பால் வெட்டிவிட்டுத் திரும்பும் தொழிலாளிக்கும்தான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். வண்டி 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும்போது டயரின் உச்சி 120 கிலோமீட்டர் வேகத்தில் முன்னே போகிறது. அங்கிருந்து விடுபடும் கல்லும் ஏறக்குறைய அதே வேகத்தில் பாயும். எதிரே ஒருவர் 60-இல் வந்தால் அவர் முகத்துக்கு அது 180! சேறு பட்டால் சட்டையைத் துவைக்கலாம். கல் பட்டால் கண் என்ன ஆகும்?

265/65 ஆர் 17 டயரைக் கழற்றிவிட்டு 285/75 ஆர் 16 போடுவதாக வைத்துக் கொள்வோம். உயரம் சுமார் 58 மில்லிமீட்டர் கூடும். அகலம் 20 மில்லிமீட்டர் கூடும். வெளியே தள்ளிய ரிம்மும் சேர்ந்தால் டயர் இன்னும் துருத்தும். மீட்டர் 100 காட்டும்போது வண்டி உண்மையில் 107-இல் ஓடும் என்பதையும் மறக்க வேண்டாம்.

ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம் 1978-இலேயே கார்களுக்கு ஒரு விதி வகுத்தது. சக்கர மையத்திலிருந்து முன்பக்கம் 30 பாகை, பின்பக்கம் 50 பாகை வரை டயரின் முழு அகலத்தையும் மட்கார்டு மூட வேண்டும் என்பது அது. ஐஸ்லாந்தில் பனிமலைமேல் ஓட்ட 38 அங்குல டயர் போடுகிறவர்களும் அதற்கேற்ற அகல மட்கார்டைச் சேர்த்தே பொருத்துகிறார்கள்.

நம் வண்டியைச் சோதிக்க ஒரு நூலும் ஒரு நட்டும் போதும். நூலில் நட்டைக் கட்டி, மட்கார்டின் விளிம்பிலிருந்து தொங்க விடுங்கள். டயர் நூலைத் தாண்டி நின்றால் மூடல் போதவில்லை. ரப்பரிலோ ஃபைபரிலோ அகலப்படுத்தலாம். பொருத்திய பிறகு, பாரம் ஏற்றி, ஸ்டியரிங்கை இருபுறமும் முழுக்கத் திருப்பி, டயர் எங்கும் உரசவில்லையா என்று பாருங்கள். துளை போட்ட இடத்தில் பெயிண்ட் பூசாவிட்டால் துரு பிடிக்கும். பின்னால் ரப்பர்த் தட்டியும் தொங்கட்டும்.

ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். மட்கார்டு போட்டுவிட்டதால் மட்டும் பெரிய டயருக்கு அனுமதி கிடைத்ததாகாது. 1987-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி, அனுமதியின்றி வண்டியை மாற்றியமைப்பது குற்றம். ஆகவே பட்டறைக்குப் போகுமுன் ஜேபிஜே அலுவலகத்தில் கேட்டுக் கொள்ளுங்கள். டயருக்கு விலை கேட்கும்போதே மட்கார்டுக்கும் சேர்த்துக் கேளுங்கள். பின்னால் வருவது நம் வீட்டுப் பிள்ளையாகவும் இருக்கலாம்.