சுவரில் நீலம் சரி... சுரண்டும்போது உஷார்!

ஹாலில் ஒரு சுவருக்கு மட்டும் அடர் நீலம் அடிப்பது சென்னை அடுக்குமாடி வீடுகளில் ஜோராக நடக்கிறது. மற்ற மூன்று சுவரும் வெள்ளை. பட்டுச் சேலையில் "எம்.எஸ். புளூ" கேட்டு வாங்கும் ஊர் இது. சுவரிலும் நீலம் கேட்பதில் ஆச்சரியம் இல்லை!

ஆனால், டப்பாவைத் திறக்கும் முன்னால் தெரிந்துகொள்ள வேண்டிய சங்கதிகள் சில உண்டு. அதில் ஒன்று குழந்தைகளின் மூளை சம்பந்தப்பட்டது.

துணிக்குப் போடும் நீலம்

நீலச் சுவர் புதுசு அல்ல. பாட்டி காலத்தில் பொங்கலுக்கு வெள்ளை அடிக்கும்போது, துணிக்குப் போடும் நீலப் பொடியைச் சுண்ணாம்பில் கலப்பார்கள். கொஞ்சம் போட்டால் வெள்ளை பளிச். கூடப் போட்டால் வான நீலம்!

இதே நீலத்தை ஒரு காலத்தில் ஆப்கானிஸ்தான் மலையில் வெட்டிய கல்லை அரைத்துத்தான் எடுத்தார்கள். ஐரோப்பாவில் தங்கத்துக்குப் போட்டியாக விலை. மலிவாகச் செய்து காட்டுபவருக்கு 6,000 பிராங்க் பரிசு என்று 1824-ல் பிரான்சில் அறிவித்தார்கள். 1828-ல் கிமே என்பவர் பரிசைத் தட்டிக்கொண்டு போனார். வெண்களிமண், சோடா, கந்தகம், கரி... இவ்வளவுதான் சரக்கு!

ராத்திரியில் கறுப்பு

கடையில் கார்டைப் பார்த்து நிறம் எடுப்பவர்கள்தான் ஏமாறுகிறார்கள். பகலில் மயில் கழுத்தாக ஜொலிக்கும் நிறம், மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் கறுத்துப் போகும். சின்ன டப்பா வாங்கி, சுவரில் 2 அடிக்கு 2 அடி அடித்து, பகலிலும் பார்க்க வேண்டும், விளக்குப் போட்டும் பார்க்க வேண்டும். மெஷினில் கலந்த பெயிண்டைக் கடைக்காரர் திரும்ப வாங்க மாட்டார்.

"ஒரே கோட்ல முடிச்சிடலாம் சார்" என்றால் தலையாட்டக் கூடாது. அடர் நீலத்துக்கு 2 கோட் கட்டாயம், சில நேரம் 3. அடியில் வெள்ளை பிரைமரைவிட சாம்பல் கலந்த பிரைமர் நல்லது. ஈரம் கசியும் சுவர் என்றால் இந்த ஆசையே வேண்டாம். வெள்ளையில் கண்ணுக்குத் தெரியாத உப்பு, நீலத்தில் ஊரையே கூப்பிடும்!

ஆபத்து இங்கே

நீலம் பளிச்சென்று வந்ததும் பக்கத்து ஜன்னல் அழுக்காகத் தெரியும். "அதையும் சுரண்டிடுங்க" என்பார் வீட்டுக்காரர். வினையே அங்கேதான்!

பழைய எனாமல் பெயிண்டில் ஈயம் இருக்கலாம். வீட்டுப் பெயிண்டில் 10 லட்சத்துக்கு 90 பங்குக்கு மேல் ஈயம் கூடாது என்று மத்திய அரசு விதி போட்டது 2016-ல். அமலுக்கு வந்தது 2017 நவம்பர் 1-ந் தேதி. அதற்கு முன் அடித்த கதவு, ஜன்னல், கிரில் எதையும் நம்ப முடியாது. உப்புத்தாள் போட்டு அப்படியே தேய்த்தால் தூசு பறக்கும். தரையில் படியும். தவழும் குழந்தை அந்தக் கையை வாயில் வைக்கும். ஈயம் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். 'இவ்வளவு இருந்தால் பரவாயில்லை' என்று சொல்ல ஓர் அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

தண்ணீர் தொட்டுத்தான் தேய்க்க வேண்டும். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் அன்று அந்த வீட்டில் இருக்கக் கூடாது. துடைப்பம் வேண்டாம், ஈரத்துணியால் துடைக்க வேண்டும்.

பெயிண்டர் பாடு இன்னும் மோசம். அதே கையோடு டீ, வடை. அதே சட்டையோடு வீட்டுக்குப் போய்ப் பிள்ளையைத் தூக்கினால், தூசு அங்கேயும் போய்ச் சேரும். மாஸ்க், சோப்பு, சட்டை மாற்ற ஒரு மூலை... கூலி பேசும்போதே இதையும் பேசிவிடலாம்.